ரிவெட் அடித்த காதுகள்

ஹெல்சிங்கோர்,
டிசம்பர் 1944, ஞாயிற்றுக்கிழமை

என் பிரியமுள்ள தோர்கில்டுக்கு,

எல்னா எழுதுகிறேன். நான் நலம், வீடு நலம். போன வருஷமே அடைத்துவிடுகிறேன் என்று சொன்னீர்களே கூரை ஓட்டை, அதுவும் நலமாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு குண்டான் வைத்திருக்கிறேன். அக்கரையில், ஸ்வீடனில், நீங்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது அசல் காபி குடிப்பதாகவும் பெருத்துவிட்டதாகவும் மீன்காரர் ஒலுஃப் சொன்னார். கேட்டு வயிறு எரிந்தது. இங்கே சிக்கரியை வறுத்துப் பொடித்து, அதற்குக் காபி என்று பெயர் வைத்துக் குடிக்கிறோம். போகட்டும், நீங்களாவது குடியுங்கள்.

உங்கள் தம்பி எய்னார் நன்றாக இருக்கிறான். இளைத்திருக்கிறான். கேட்டால் வேலை அதிகம் என்கிறான். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் முழு உண்மை வாயில் வராது என்பது எனக்குத் தெரியாததா!

இந்தக் கடிதத்தில் எதையும் மறைத்து எழுதப்போவதில்லை. ஒலுஃப் இதை வலையின் ஈயக் குண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறார். ஜெர்மன் ரோந்துப் படகு கிட்டே வந்தால் கடலில் போட்டுவிடுவார். படித்ததும் நீங்கள் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

விஷயம் அந்தத் துப்பாக்கியைப் பற்றியது. இங்கிலாந்திலிருந்து பாராசூட்டில் வந்த ஸ்டென் துப்பாக்கிகளில் தடித்த குழாயோடு ஒன்று இருந்ததே, சத்தம் போடாதது என்று நீங்கள் பிள்ளையைப் போலத் துடைத்துத் துடைத்து வைப்பீர்களே, அதுதான். நீங்கள் தப்பிப் போனதிலிருந்து நம் நிலவறையில் உருளைக்கிழங்குக்கு அடியில் கிடந்தது. நேற்று மதியம் எய்னாரும் கார்லோவும் வந்து எடுத்தார்கள். ஒரு தடவை சுட்டுப் பார்க்க வேண்டுமாம். ஊருக்கு வெளியே இருக்கும் மரக்கிடங்குக்குச் சைக்கிள் வண்டியில் கொண்டுபோனோம். மேலே முட்டைக்கோஸ், அதற்கு மேலே நான் உட்காராத குறை.

அக்டோபரில் அதே கிடங்கில் நீங்கள் சுட்டுக் காட்டியது நினைவிருக்கிறதா? நான் சாலை ஓரத்தில் காவலுக்கு நின்றேன். வெளியே வந்து, “முடிஞ்சுது, வா போகலாம்” என்றீர்கள். “எப்ப சுட்டீங்க?” என்று கேட்டேன். கதவுத் தாழ்ப்பாளைப் போட்டதுபோல ஒரு சின்ன ‘களக்’ கேட்டது, அவ்வளவுதான். தாழ்ப்பாள் என்றே நினைத்தேன்.

நேற்றும் அதே இடத்தில்தான் நின்றேன். இந்த முறை எனக்குக் கேட்டது. வெடி மாதிரிப் படார் என்று இல்லை. மாடியில் யாரோ மாவு மூட்டையைப் போட்டதுபோல ‘தொப்’ என்று. பிறகு இன்னொன்று. சாலையில் வந்த பால் வண்டிக் குதிரை காதை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தது.

உள்ளே ஓடினேன். இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

“என்ன அண்ணி, மூச்சு வாங்குது? சத்தமே இல்ல பாத்தீங்களா!” என்றான் எய்னார்.

“சத்தம் இல்லையா? ரோட்டுல போற குதிரைக்குக் கேட்டுச்சுடா.”

“குதிரைய யாரு கேட்டா? நான் பக்கத்துலயே நின்னேன் எல்னா. ஊசி விழுந்த மாதிரி இருந்துச்சு” என்றார் கார்லோ.

ஊசி விழுந்து கார்லோவுக்குக் கேட்டுப் பதினைந்து வருஷம் இருக்கும்! கப்பலின் இரும்பு வயிற்றுக்குள் உட்கார்ந்து நாள் முழுதும் தகடுகளில் ரிவெட் ஆணி அடிக்கிற மனிதர். சாப்பாடு தயாரானால் அவர் மனைவி கூப்பிடுவதே இல்லை, காலால் தரையை உதைக்கிறாள், அதிர்வில் எழுந்து வருகிறார். எய்னாரும் அவரோடு சேர்ந்து அடிப்பவன்தான். ‘உப்பு கொடு’ என்று நான் கத்தினால் ரொட்டியை நீட்டுகிறான். இந்த இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு துப்பாக்கிக்கு ‘நிசப்தம்’ என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு போய்விட்டது.

ஏன் என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அவர்கள் கப்பல் பட்டறையில் தண்ணீருக்குள் நீளும் கடைசி மரமேடைக்குப் போகிறார்கள். அங்கே பழுது பார்த்துக் கட்டியிருக்கும் ஜெர்மன் கப்பலுக்கு வெடி வைக்க வேண்டும். அந்த மேடைக்கு ஒரே ஒரு காவலன். முதலில் அவனைச் சத்தமில்லாமல் வீழ்த்த வேண்டும், அது எய்னாரின் பொறுப்பு. இரவு எல்லாம் அடங்கிய பிறகு போவதாகத் திட்டம். அங்கிருந்து சிப்பாய்கள் படுத்திருக்கும் பழைய கயிற்றுக் கிடங்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். நேற்று நான் சாலையில் நின்ற தூரம்தான். அங்கே ஒரு ‘தொப்’ கேட்டால் போதும். மூன்று பக்கமும் தண்ணீர், நாலாவது பக்கம் சிப்பாய்கள். எய்னார் எந்தப் பக்கம் ஓடுவான்?

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. பேன் பார்த்துத் தலை வாரிவிட்டவள் நான். அவன் போய்ச் சேர்ந்தான் என்ற செய்தியை உங்களுக்கு எழுத என்னால் முடியாது.

சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான். “டெலிபோன்ல உக்காந்து உக்காந்து உங்க காதுதான் கெட்டுப்போச்சு அண்ணி, இல்லாத சத்தமெல்லாம் கேக்குது” என்கிறான். டெலிபோன் நிலையத்தில் என் பிழைப்பே காதுதான். கொர கொர என்று இரையும் கம்பிக்குள் கோபன்ஹேகன்காரர் என்ன முணுமுணுக்கிறார் என்று பிரித்துச் சொல்பவள் நான்.

ஆகவே நீங்கள் எழுதுங்கள். இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது, அக்டோபரில் ஊமையாக இருந்தது டிசம்பரில் ஏன் பேச ஆரம்பித்தது என்று தெளிவாக எழுதுங்கள். அவன் முகத்துக்கு நேரே நீட்ட எனக்கு ஒரு காகிதம் வேண்டும். ஒன்று கவனித்தேன், அதற்கு அர்த்தம் உண்டோ இல்லையோ. குழாயைச் சுற்றியிருக்கும் கித்தான் உறை முன்பு பச்சையாக இருந்தது. இப்போது ஒரு பக்கம் இஸ்திரிப் பெட்டி சுட்டதுபோலப் பழுப்பாக இருக்கிறது.

சீக்கிரம் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதீர்கள்.

உங்கள்
எல்னா


ஹெல்சிங்போர்க்,
செவ்வாய்க்கிழமை

அன்பு எல்னா,

உன் கடிதம் நனைந்து வந்தது. ஆனால் ஒரு எழுத்தும் அழியவில்லை. நான் பெருத்துவிடவில்லை. ஒலுஃபுக்குக் கண் சரியில்லை. இங்கே ஒரு பட்டறையில் லேத்தில் நிற்கிறேன், மற்ற நேரம் நம் ஆட்களின் ஆயுதங்களைப் பார்த்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. நீ செய்யும் ரொட்டி இல்லை.

கித்தான் உறை கருகியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைப் படித்ததும் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மடையர்கள் தொடர்ச்சியாகச் சுட்டிருக்கிறார்கள். விசையை அழுத்திப் பிடித்தபடி குண்டு அடைத்த ஒரு மேகசினையே காலி செய்திருக்கிறார்கள். கேட்டுப் பார், “எப்படி இருக்குன்னு பாக்கத்தான்” என்பான். நான் இல்லாத வீட்டில் என் சாமானைத் தொட்டதே முதல் தப்பு.

எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாய். ஆயுதங்களோடு இங்கிலாந்திலிருந்து குதித்து வந்து எனக்கு விளக்கிய மனுஷர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். சாதாரணமாகத் துப்பாக்கி சுட்டால் இரண்டு பெரிய சத்தங்கள் வரும். ஒன்று, குண்டைத் தள்ளிக்கொண்டு பின்னால் வரும் சூடான வாயு குழலின் வாயில் குபீரென்று வெளியே பாய்வதால் வருவது. இன்னொன்று, குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் வருவது. சாட்டையைச் சொடுக்கினால் ஒரு ‘சடார்’ கேட்கிறதே, அந்த ஜாதி. அது குண்டு போகும் வழி முழுவதும் கூடவே போகும். சாதாரணத் துப்பாக்கியின் வாயில் சைலன்ஸரை மாட்டினால் முதல் சத்தம் குறையும். சாட்டைச் சத்தம் அப்படியேதான் இருக்கும்.

இந்த ஸ்டெனில் சைலன்ஸரை வாயில் மாட்டவில்லை. துப்பாக்கியே அதற்குள் குடியிருக்கிறது. வெளியே நீ பார்க்கும் தடித்த குழாய்க்குள் குட்டையாக ஒரு குழல் இருக்கிறது. அந்தக் குழலில் ஓட்டைகள் போட்டிருக்கிறார்கள். குண்டு உள்ளே போகும்போதே வாயுவில் ஒரு பங்கு அந்த ஓட்டைகள் வழியாகப் பெரிய குழாய்க்குள் கசிந்துவிடும். தள்ளும் பலம் குறையும், குண்டு மெதுவாகும், ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். சாட்டைச் சத்தம் அங்கேயே செத்தது. எந்தச் சாதாரணக் குண்டைப் போட்டாலும் அதுவே மட்டுப்படுத்திக்கொள்ளும் என்பதுதான் இதன் கெட்டிக்காரத்தனம்.

கசிந்த வாயு என்ன ஆகும்? பெரிய குழாயில் இடம் நிறைய. அங்கே விரிந்து, சூடு தணியும். அதன் முன்னால் வரிசையாக உலோகக் கிண்ணங்கள், நடுவில் குண்டு போக மட்டும் துளை. ஒவ்வொரு கிண்ணமும் வாயுவைத் தடுத்து, சுழலவிட்டு, நேரம் கடத்தி அனுப்பும். கடைசியில் முன்பக்கம் வெளியே வரும்போது அதற்கு அலற மூச்சு இருக்காது. அந்தச் சூடு முழுவதையும் குழாய் வாங்கிக்கொள்வதால்தான் கை சுடாமல் இருக்கக் கித்தான் உறை.

அடக்கவே முடியாத மூன்றாவது சத்தம் ஒன்று உண்டு. உள்ளே முன்னும் பின்னும் ஓடும் இரும்பு போல்ட்டின் சத்தம். அக்டோபரில் நீ தாழ்ப்பாள் என்று நினைத்தது அதைத்தான்.

இப்போது பாவத்தைக் கேள். ஒவ்வொன்றாகச் சுட்டால் கிண்ணங்கள் வருஷக்கணக்கில் உழைக்கும். தொடர்ச்சியாகச் சுட்டால் முதல் வாயு ஆறும் முன்னே அடுத்தது, அது ஆறும் முன்னே அடுத்தது. கிண்ணங்களின் விளிம்பு தீய்ந்து அரித்துப்போகும். பிறகு வாயுவைத் தடுக்க உள்ளே யாரும் இல்லை. “ஒண்ணொண்ணாச் சுடு. உயிர் போற நேரத்துல மட்டும்தான் சேத்துச் சுடணும், அதோட இதுக்கும் உயிர் போயிடும்” என்று அந்த மனுஷர் படித்துப் படித்துச் சொன்னார். எய்னார் அப்போது பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு எங்கே கேட்டது!

‘படார் இல்லை, தொப்’ என்று எழுதினாய் பார், அதிலிருந்தே தெரிகிறது. குழலின் ஓட்டைகள் சரியாக இருக்கின்றன, குண்டு மெதுவாகத்தான் போகிறது, சாட்டைச் சத்தம் திரும்பி வரவில்லை. போனது கிண்ணங்கள் மட்டும். இதைக் காதால் மட்டும் கேட்டு இவ்வளவு சரியாகச் சொல்ல இங்கே எங்களில் ஒருவனும் இல்லை.

இன்னொன்றையும் அவனிடம் சொல். சுடுபவனுக்கு நல்ல காது இருந்தாலும் தன் துப்பாக்கி எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரியாது. முகத்துக்குப் பக்கத்தில் போல்ட் அடிக்கும். அதனால் தூரத்தில் வேறு ஆளை நிறுத்தித்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. நம் எய்னாருக்கு அந்த போல்ட் சத்தமே கேட்டிருக்காது. அதனால்தான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான். என் காதும் ரிவெட் அடித்த காதுதான் எல்னா. உன்னைத் தவிர அந்தக் கூட்டத்தில் யாருக்கும் காது இல்லை. உன் காதை நம்பு.

அவனுக்கு இதைப் படித்துக் காட்டு: “டேய் எய்னார், வெள்ளிக்கிழமை நீ எங்கயும் போகக் கூடாது. புதுக் குழாய் கிறிஸ்துமஸ் கழிஞ்சு வரும், நானே அனுப்புறேன். அதுவரைக்கும் அத உருளைக்கிழங்குக்கு அடியில திருப்பி வை. அண்ணன் சொல்றேன்.”

என்னைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் இருட்டோடு படகுத்துறைக்குப் போய் நிற்கிறேன். காற்று நம் பக்கமிருந்து வீசினால், ஏழு மணிக்கு நம் கப்பல் பட்டறையில் காற்றுச் சுத்தியல்கள் ஆரம்பிப்பது தண்ணீர் மேல் வந்து சேரும். இந்தக் காதுக்கும் அது கேட்கிறது. அந்தச் சத்தத்தில் எய்னார் இருக்கிறான், அதற்குப் பின்னால் தெருவில் நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். காலை உணவுக்கான பட்டறை ஊதல் வரைக்கும் அது எனக்குப் போதும்.

அவனை நிறுத்து. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
தோர்கில்ட்


ஹெல்சிங்கோர்,
வியாழக்கிழமை

என் உயிரான தோர்கில்டுக்கு,

செவ்வாய் இரவே உங்கள் கடிதத்தை எய்னாருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை, கத்திக் கத்தி. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான். கார்லோவும் இருந்தார்.

நீங்கள் சொன்னது அப்படியே சரி. போன மாதம் நான் இல்லாத நேரத்தில் நிலவறையிலிருந்து எடுத்துப் போய்க் கார்லோதான் ஒரு மேகசினைக் காலி செய்து, திருப்பி வைத்தாராம். “பட்டறையில பெரிய சத்தத்துல தானே சுட்டேன், யாருக்கும் கேக்கலையே!” என்றார். பிறகு முன்மூடியைத் திருகி, உள்ளே இருந்ததை எல்லாம் சமையல் மேசையில் செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்தோம். எலி கடித்த பாலாடைக்கட்டி போல இருந்தன, தோர்கில்ட். ஒரு கிண்ணத்தில் துளை என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அரித்திருந்தது. எய்னார் அதைக் கையில் எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தான். இத்தனை நாளில் அவன் முகத்தில் பயத்தை அப்போதுதான் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

“அண்ணன் சொல்றது சரிதான் அண்ணி” என்றான். “ஆனா கப்பல் சனிக்கிழமை கெளம்புது.”

அதுதான் சங்கதி. கிறிஸ்துமஸ் வரை கப்பல் காத்திருக்காது. கடலில் கண்ணிவெடி போடும் கப்பலாம். அது வெளியே போனால் எத்தனை பேர் முழுகுவார்களோ, அதில் நம் ஆட்களும் இருப்பார்கள். புதுக் குழாய் வந்து என்ன செய்ய? நான் வாதாடினேன், அழுதேன், தட்டை உடைத்தேன். உங்கள் அம்மா கொடுத்த நீலத் தட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள். அவன் அசையவில்லை. உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படாமல் நின்றது இதுதான் முதல் தடவை என்று அவனே சொன்னான்.

பிறகு அன்று இரவெல்லாம் யோசித்தேன். நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் என் தலையை விட்டுப் போகவில்லை. ஒன்று, சாட்டைச் சத்தம் இன்னும் செத்துத்தான் இருக்கிறது, மிச்சம் ஒரு ‘தொப்’ மட்டும். இன்னொன்று, கடல் தாண்டி உங்களுக்குக் கேட்கும் ஏழு மணிச் சுத்தியல்.

டெலிபோன் நிலையத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏழு அடிக்கப் போகிறது என்றால் பேசிக்கொண்டிருப்பவர்களிடம், “சீக்கிரம் முடிங்க, பட்டறை ஆரம்பிக்கப் போகுது” என்று நாங்களே சொல்லிவிடுவோம். ஊதல் வந்து சுத்தியல்கள் ஆரம்பித்தால் முதல் சில நிமிஷங்கள் எனக்கே ஒரு வார்த்தை பிடிபடாது. என் காதுக்கே பிடிபடாது என்றால் கயிற்றுக் கிடங்கில் தூங்கி எழும் சிப்பாய்க்கு மாவு மூட்டையா பிடிபடும்? டிசம்பரில் ஏழு மணி நள்ளிரவு மாதிரியே இருட்டு.

இதைச் சொன்னேன். கார்லோ நம்பாமல் கேட்டார்.

“காலைலயா? அத்தன பேரு இருக்கும்போதா?”

“அத்தன பேரும் உங்க ஆளுங்கதானே? ஊரே தூங்கும்போது போறதுக்கு அது நல்ல துப்பாக்கியா இருக்கணும். உங்க கையில இருக்கறது கெட்ட துப்பாக்கி. அதுக்கு ஊரே கத்தணும்.”

எய்னார் மெதுவாகச் சிரித்தான். “அண்ணி, எங்க காதத் தின்ன சத்தம் ஒரு நாளாவது எங்களுக்கு வேல செய்யட்டும்” என்றான்.

ஆகவே திட்டம் மாறிவிட்டது. கார்லோ நாளை சுத்தியலோடு மேலே இருப்பார். மற்ற நாட்களில் ஒவ்வொருவராகச் சோம்பல் முறித்து ஆரம்பிப்பார்கள், நாளை ஊதலின் வால் அடங்குமுன் எல்லாச் சுத்தியலும் ஒன்றாக ஆரம்பிக்கும். எய்னார் மேடைப் பலகைகளுக்குக் கீழே இருப்பான். ஒரே ஒரு குண்டு, அதிகம் போனால் இரண்டு, ஒவ்வொன்றாக. காவல் மாறுவது ஒன்பது மணிக்கு. அதற்குள் வெடியை வைத்துவிட்டு நம் பையன்கள் தத்தம் வேலையில் இருப்பார்கள். எட்டரைக்குக் காலை உணவு ஊதல் அடித்து எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போன பிறகுதான் அது வெடிக்கும். அந்தச் சத்தம் ஒலுஃபின் உதவி இல்லாமலே உங்களுக்கு வந்து சேரும்.

அந்தக் காவலனைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இரண்டு நாளாக விடியுமுன், மேடைப் பக்கம் பார்த்திருக்கும் நிலையத்தின் பின் ஜன்னலைத் திறந்து வைத்து அவனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயதானவன். வலது பூட்ஸின் அடி லாடம் தளர்ந்து நடையில் கிணுங்குகிறது. பலகை முடியும் இடத்தில் நின்று இருமுகிறான், மூக்கைச் சிந்துகிறான், திரும்புகிறான். திரும்பிய பிறகு முதுகு நமக்கு. இருமலை வைத்துப் பார்த்தால் அவனுக்கு நெஞ்சுச் சளி முற்றியிருக்கிறது. அவனையும் ஒருத்தி கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு போகச் சொல்லித்தான் அனுப்பியிருப்பாள். இதை எய்னாரிடம் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரிய வேண்டாம். எனக்குத் தெரியும், அது போதும். நாளைக்குப் பிறகு அந்த இருமல் என் காதை விட்டுப் போகுமா என்று தெரியவில்லை.

கஷ்டம் என்னவென்றால் எய்னாருக்கு அந்தக் காலடி கேட்காது. பலகைக்குக் கீழே இருட்டில் படுத்திருப்பவனுக்கு மேலே நடப்பவன் எங்கே நிற்கிறான், எப்போது திரும்புகிறான் என்று தெரியாது. எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. பட்டறையில் நீங்கள் எல்லாரும் தோளைத் தட்டித்தானே பேசுவீர்கள், ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் ஆரம்பி. அப்படித் தட்ட அவன் பக்கத்தில் காது உள்ள ஒரு ஆள் வேண்டும். ஊதலுக்கு முன்பே நடையின் அடிகளை எண்ணி வைத்துக்கொண்டால், சுத்தியல் சத்தத்திலும் அவன் எப்போது திரும்புவான் என்று அந்த ஆளால் கணக்கிட முடியும். நேற்று மாலை சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பழகிப் பார்த்தோம். கார்லோ மேலே மாடியில் நடந்தார். ஐந்து தடவையும் சரியாக வந்தது.

நாளைக் காலை எனக்கு நிலையத்தில் வேலை இல்லை, மாற்றிக்கொண்டேன். கார்லோவின் மனைவிக்கு நேற்றிலிருந்து திடீரென்று ஜலதோஷம். பட்டறை ஆபீஸ் பெருக்கும் அவளுடைய வாளியும் துடைப்பமும் அனுமதிச் சீட்டும் நம் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. வாளி கொஞ்சம் கனம், உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை.

கோபப்படாதீர்கள். உன் காதை நம்பு என்று எழுதியது நீங்கள்தான்.

இனி வீட்டு விஷயம். பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன், அதற்கு ஹெர்ரிங் மீனின் தலை மட்டும் பிடிக்காது. சாவி வழக்கமான செங்கல்லுக்கு அடியில். கூரை ஓட்டைக்குக் கீழே குண்டானைக் காலி செய்து வைத்திருக்கிறேன். உங்கள் குளிர்காலச் சட்டையின் முழங்கை தைத்தாகிவிட்டது, பெட்டியில் மேலாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன். கடைசிப் பத்தியை மட்டும் முதலில் மனப்பாடம் செய்துகொண்டேன்.

இது இன்று இரவே உங்கள் கைக்கு வந்துவிடும் என்று ஒலுஃப் சத்தியம் செய்திருக்கிறார். எனவே ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை வழக்கம்போல் படகுத்துறைக்குப் போய் நில்லுங்கள். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். காற்று நம் பக்கமிருந்துதான் வீசுகிறது, சாயங்காலமே பார்த்துவிட்டேன். ஏழு மணிக்குச் சுத்தியல் ஆரம்பிக்கும். ஏதாவது தப்பாகப் போனால் ஜெர்மன்காரர்கள் முதலில் செய்வது சுத்தியல்களுக்குப் போகும் காற்றுக் குழாயை அடைத்து எல்லோரையும் வரிசையில் நிறுத்துவதுதான், உங்களுக்கே தெரியும். அப்படிச் சத்தம் நின்றுவிட்டால், தயவுசெய்து படகு தேடாதீர்கள், இந்தப் பக்கம் வராதீர்கள். அங்கேயே இருங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், நீண்ட நாள் இருங்கள்.

ஆனால் அது நிற்காது. கடவுள் உங்கள் காதை நாளை ஒரு நாளைக்கு மட்டும் இளைஞன் காதாக ஆக்கட்டும். சாப்பாட்டு ஊதல் வரைக்கும் அந்த நாராசச் சத்தம் ஒரு நொடி விடாமல் உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும், தோர்கில்ட். விழும் ஒவ்வொரு அடிக்கும் நானும் உங்கள் தம்பியும் உயிரோடு இருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்
எல்னா